கடல் குதிரைக்கு டேங்க் கட்டுறதா இருந்தா தீனி ரூம்ல இருந்து ஆரம்பிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமீபத்துல உங்க பேப்பர்ல வீட்டு மரைன் டேங்க், அதாவது கடல் தண்ணி மீன் தொட்டி பத்தி வந்த பக்கத்த படிச்சேன், பவழம், க்ளவுன் மீன், எல்இடி லைட்டுன்னு எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா கடைசில டேங்க் மட்டும் பெருசா இருந்தா கடல் குதிரையும் வளர்க்கலாம், குட்டியும் எடுக்கலாம்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதுறேன்.

எனக்கு சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். வளைகுடா நாட்டுல ஒரு பொது அக்வேரியத்துல டேங்க் பராமரிப்பு வேலை, அதுல ரொம்ப காலம் கடல் குதிரை செக்‌ஷன்லதான் இருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தா போதும், சொந்தக்கார பசங்க போன்ல வீடியோவ காட்டி "மாமா, நாலடி ரீஃப் டேங்க் போட்டாச்சு, ரெண்டு ஜோடி விட்டா குட்டி போடுமா"ன்னு கேக்குறாங்க (ரீஃப் டேங்க்னா பவழம் வளர்க்குற கடல் தண்ணி தொட்டி), ஆசைல கேக்குறாங்க, அவங்கள திட்டி என்ன ஆகப்போகுது, சரியா எடுத்து சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.

மொத விஷயம் சட்டம். நம்ம நாட்டுல 2001லயே கடல் குதிரை குடும்பம் மொத்தத்தையும் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணைல சேத்துட்டாங்க, புலியும் யானையும் இருக்குற அதே பட்டியல். பிடிச்சா, வித்தா, வீட்டு டேங்க்ல வெச்சிருந்தா எல்லாமே குத்தம், மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. ரீஃப் டேங்குக்குன்னு கடல்ல இருந்து எடுத்துட்டு வர்ற பவழக்கல்லு, கடல் விசிறி இதுங்களும் அதே வருஷம் அதே பட்டியலுக்கு போயிடுச்சு, இது நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. வெளிநாட்டு வியாபாரத்துக்கும் 2004 மே மாசத்துல இருந்து சைட்டிஸ்ங்கற சர்வதேச உயிரின வியாபார ஒப்பந்தத்தோட கட்டுப்பாடு இருக்கு. இவ்ளோ கெடுபிடி ஏன்னா, 21 நாடுகள்ல எடுத்த கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 3 கோடியே 70 லட்சம் கடல் குதிரை வேற மீனுக்கு போட்ட வலைல சும்மா சேந்து வந்து சாகுது, எங்க பாக் விரிகுடாவுலயும் மன்னார் வளைகுடாவுலயும் விசைப்படகு இழுவலை கடல்புல்ல அரிச்சுட்டு போறப்ப நடக்குறதும் இதேதான். அதனால வீட்டுக்கு வேண்டாம், எவ்ளோ பெரிய டேங்கா இருந்தாலும் வேண்டாம்.

அதுக்காக யாருமே வளர்க்கக் கூடாது, யாருமே குஞ்சு எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. மண்டபம், பாம்பன் பக்கம் எங்கயாவது வனத்துறை அனுமதியோட, ஆராய்ச்சிக்காரங்க பொறுப்புல, ஜனங்க வந்து பாக்குற மாதிரி கடல் குதிரைக்குன்னே ஒரு பெரிய ரீஃப் டேங்க் வரணும்னு ரொம்ப நாளா எனக்கு ஆசை. கடலோரத்துல பொறந்த புள்ளைங்களே உயிரோட ஒண்ண பாத்ததில்ல, காஞ்சு கருவாடா கெடக்குறத மட்டும்தான் பாத்திருக்கு. ஆனா அப்படி ஒண்ணு கட்டுறப்ப எல்லாரும் பண்ற மாதிரி கண்ணாடிக்கும் லைட்டுக்கும் முக்கால்வாசி காச கொட்டிட்டு, தீனிக்கும் நர்சரிக்கும் மாடிப்படிக்கு அடில ஒரு இடம் ஒதுக்கினா அந்த டேங்க்ல ஒரு குஞ்சு கூட பிழைக்காது.

ஏன்னு சொல்றேன். கடல் குதிரைக்கு இரைப்பையும் கிடையாது, பல்லும் கிடையாது. தின்னது அப்படியே குடல் வழியா ஓடிடும், பாதிதான் செரிக்கும், அதனால பெருசுக்கே நாளைக்கு ரெண்டு மூணு வேளை போட்டாகணும், கழிவும் அதுக்கேத்த மாதிரி ஜாஸ்தி. தண்ணி நிறைய இருந்தா அந்த அழுக்க தாங்கும், அதனாலதான் 500 லிட்டருக்கு மேல போறது நல்லதுன்னு சொல்றோம், அழுக்க நுரையா பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மரும் டேங்க் அளவுக்கு ஒரு படி பெருசா வெக்கணும். ஆனா அதே பெரிய டேங்க்ல இன்னொரு தொல்லை இருக்கு, தீனி எங்கயோ மூலைல போய் விழும், கடல் குதிரையோ துரத்திட்டு போற சாதி இல்ல, வாலால ஒரு கிளைய சுத்திக்கிட்டு ரெண்டு கண்ணையும் தனித்தனியா உருட்டி உருட்டி பாத்துட்டே நிக்கும், இறால் குஞ்சு மூக்குக்கு நேரா வந்தாதான் தலைய கொஞ்சம் சாய்ச்சு டக்குன்னு உறிஞ்சும், கிட்ட நின்னா அந்த சத்தமே கேக்கும். அதனால ஒரு சிப்பிய இல்ல கிண்ணத்த ஒரே இடத்துல வெச்சு, தினமும் ஒரே நேரத்துக்கு அதுல தீனி போட்டு பழக்கணும். சில நாள்ல அதுங்களே வந்து கிண்ணத்த சுத்தி நிக்க ஆரம்பிச்சுடும், மிச்சத்த அரை மணி நேரத்துல உறிஞ்சி எடுத்துடலாம். இத பண்ணலேன்னா ஒரு பக்கம் தீனி அழுகும், இன்னொரு பக்கம் குதிரை பட்டினி கெடக்கும், ரெண்டும் ஒரே டேங்க்ல.

டேங்க் நீளத்த விட உயரம் முக்கியம். வளந்த கடல் குதிரைய வால நீட்டி அளந்தா வர்ற உயரத்துக்கு மூணு மடங்காவது தண்ணி ஆழம் வேணும், நம்ம கடல்ல இருக்குற ஹிப்போகாம்பஸ் குடாங்கற வகைக்கு அரை மீட்டருக்கு கொறையாம, பொது டேங்கா இருந்தா ஒரு மீட்டரே போடலாம். காரணம் ஜோடி சேர்றது. காலைல லைட்டு வந்ததும் ரெண்டும் கிட்ட கிட்ட வந்து, நிறம் வெளுத்து, வால கோத்துக்கிட்டு ஒரே கிளைய சுத்திச் சுத்தி வரும், பொட்டை முட்டைய ஆணோட பைல விடுற நேரத்துல ரெண்டும் வயித்தோட வயிறு ஒட்டிக்கிட்டு மேல மேல எழும்பும், தண்ணி ஆழம் பத்தலேன்னா முட்டை கீழ சிந்திப் போயிடும். எங்க டேங்க்ல மணல்ல ஆரஞ்சு நிறத்துல முட்டை சிதறிக் கெடக்குறத பாத்தா சூப்பர்வைசர் மொதல்ல தண்ணி மட்டத்தத்தான் பாப்பாரு.

ரீஃப் டேங்க்னு சொன்னதும் மனசுல வர்ற அலங்காரம் முக்காவாசி இதுக்கு ஆகாது. கடல் சாமந்திங்கற அனிமோன், அப்புறம் டார்ச், ஹேமர் மாதிரி கொட்டுற பவழம் ஒண்ணும் வேண்டாம், கடல் குதிரை எத கண்டாலும் வால சுத்துற ஜீவன், சுத்தின இடத்துலயே வெந்துடும். லெதர், ஸோவான்திட் மாதிரி சாதுவான மென்பவழம், செராமிக் கல்லு, புடிச்சுக்க கயிறு கயிறா செயற்கை கடல்புல்லு, இது போதும். க்ளவுன், டேம்செல், டேங் மாதிரி மீன் எதையும் கூட விடக்கூடாது, அதுங்க வேகத்துக்கு தீனி மொத்தத்தையும் காலி பண்ணிடும். பம்ப் வாய்க்கெல்லாம் ஸ்பாஞ்சு மூடி கட்டாயம், இல்லேன்னா வாலு உள்ள போயிடும். தண்ணி ஓட்டமே இருக்கக் கூடாதுன்னு சிலர் சொல்றாங்க, அது சரியில்ல, ஓட்டம் இல்லேன்னா அழுக்கு தேங்கும், ஓட்டமும் இருக்கணும், ஒதுங்க அமைதியான மூலையும் இருக்கணும்.

அடுத்தது சூடு. பவழத்துக்கு 25, 26 டிகிரி சந்தோஷம், கடல் குதிரைய டேங்க்ல வெக்கிறப்ப 22ல இருந்து 24 டிகிரிக்குள்ள புடிச்சு வெக்கிறது நல்லது. கடல்ல இத விட சூட்டுல இருக்கேன்னு கேப்பாங்க, கடல்ல தண்ணிக்கு அளவே கிடையாது, அடைச்ச டேங்க்ல சூடு ஏறினா விப்ரியோ கிருமி பெருகும், தோல் புண்ணாகும், வால் நுனி அழுகும், அப்புறம் மருந்து ஊத்தி பிரயோஜனம் இல்ல. எங்க ஊர் வெயிலுக்கு தண்ணிய குளிர வெக்கிற சில்லர் இல்லாம இத நினைச்சே பாக்க முடியாது, கரண்ட் போனா உடனே எடுக்குற ஜெனரேட்டரும் வேணும்.

இதெல்லாம் பண்ணி கடைசில குஞ்சு வந்துச்சுன்னு வெச்சுக்குவோம், உண்மையான வேலை அங்கதான் ஆரம்பிக்குது. ரெண்டு மூணு வாரம், சில சமயம் கொஞ்சம் கூட, ஆண் வயித்துப் பைல சுமக்கும், அப்புறம் ஒரு விடிகாலை ஒடம்ப முன்னும் பின்னும் மடிச்சு மடிச்சு பைய அமுக்கும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் புகை மாதிரி குஞ்சுங்க வெளிய வரும், குடா வகைல நூத்துக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆனா பெரிய குதிரையோட அச்சு அசல், புடிக்க ஒண்ணும் கிடைக்காம ஒண்ணோட வால ஒண்ணு புடிச்சுக்கிட்டு மெதக்கும். அப்பனும் ஆத்தாளும் அதுக்கப்புறம் திரும்பிப் பாக்காது. வெளிச்சத்த தேடி மேல வந்து காத்த முழுங்குனா அப்படியே மேலயே மெதந்து செத்துடும், அதனால நர்சரி டேங்க் வட்டமா, பக்கமெல்லாம் கருப்பா, தண்ணி மெதுவா சுழல்ற மாதிரி இருக்கணும். பொறந்த அன்னைக்கே தீனி வேணும், உயிரோட நீந்துற தீனி, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கண்ணு முன்னாடி இருந்துட்டே இருக்கணும். வாய் சின்ன சாதிக்கு ரோட்டிஃபர், கோபிபாட்ங்கற ரொம்பப் பொடி மிதவை உயிரிங்க, அப்புறம் ஆர்டீமியாங்கற உப்புத்தண்ணி இறால் குஞ்சு. ஆர்டீமியா பொரிய ஒரு நாள் ஆகும், பொரிஞ்ச உடனே அதுக்கு வாயே இருக்காது, ஒரு தடவ தோல் உரிச்ச அப்புறம்தான் சத்து எண்ணெய ஊட்ட முடியும், சத்து ஏத்தாம போட்டா குஞ்சு வயிறு நெறைய தின்னுட்டே மெலிஞ்சு சாகும். ரோட்டிஃபருக்கு பாசி வளர்க்கணும், பாசிக்கு தனி லைட்டு, தனி காத்து, ஒரு பாட்டில் கெட்டுப்போனா அடுத்தது ரெடியா நிக்கணும். இதெல்லாம் குஞ்சு பொறந்த அப்புறம் ஆரம்பிக்கிற வேலை கிடையாது, பெரிய கடல் குதிரை டேங்குக்குள்ள இறங்குறதுக்கு பல மாசம் முன்னாடியே ஓடிட்டு இருக்கணும். அதனாலதான் தீனி ரூம மொதல்ல கட்டுங்கன்னு அடிச்சு சொல்றேன்.

முடியாத வேலை இல்ல. ஹவாய்ல கோனாங்கற ஊர்ல 1998ல இருந்து கடல் குதிரை பண்ணையே நடக்குது. நம்ம நாட்டுல கோவா தேசிய கடலியல் நிறுவனத்துல குடா வகைய வளர்த்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆஸ்திரேலியால சிட்னி அக்வேரியத்துல அங்க அழிஞ்சிட்டு வர்ற வைட்ஸ் கடல் குதிரைக்கு குஞ்சு எடுத்து வளர்த்து, கூண்டு மாதிரி இரும்புச் சட்டத்த கடலுக்குள்ள இறக்கி, அதுமேல பாசியும் ஸ்பாஞ்சும் வளர விட்டு, 2020ல அதுலயே கொண்டுபோய் விட்டாங்க. நம்ம பக்கம் விடுறதுக்கு இடமா பாக் விரிகுடாவுல கடல்புல் இருக்கு, 2022ல கடல்பசுவுக்கு 448 சதுர கிலோமீட்டர் காப்பகமா அறிவிச்சிருக்காங்க, அந்த புல்லு மிஞ்சுனா கடல் குதிரைக்கும் அதுதான் வீடு. பெருசுங்களுக்கு தீனிக்கு இறால் மாதிரி சின்ன ஜீவனான வெளிநாட்டு மைசிஸையே நம்பி இருக்கவும் வேண்டாம், நம்ம கரைல வர்ற கூனி இறால அளவு பாத்து, பச்சையா கழுவி உறைய வெச்சு பழக்கலாம், கரைல கூனி காயப் போடுற அக்காமாருக்கு அதுல ஒரு நல்ல வெலையும் கிடைக்கும்.

கடல் குதிரை வேணும்னு கேக்குற பசங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தம்பிகளா, உங்க டேங்க்ல க்ளவுன் ஜோடிய வெச்சு குஞ்சு எடுத்து பாருங்க, கடல்ல புடிச்சது வேண்டாம், மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல அதுக்கு குஞ்சு எடுக்குற முறையே உருவாக்கி வெச்சிருக்காங்க, போய் கேளுங்க. க்ளவுன் குஞ்சுக்கும் மொத வாரம் ரோட்டிஃபர்தான், பாசி பாட்டில், காத்து குழாய், விடியக்காலைல எழுந்து மைக்ராஸ்கோப்ல எண்ணுறது எல்லாம் அதே வேலைதான். நாளைக்கு இங்க ஒரு கடல் குதிரை கூடம் வந்தா அதுக்கு வேணுங்கற ஆளுங்க இந்த வேலைல கை பழகினவங்கதான், அத இப்பவே உங்க வீட்டு மாடில ஆரம்பிக்கலாம், அதுக்கு எந்த அனுமதியும் தேவையில்ல.

இப்படிக்கு,
கடலோர வாசகன்,
ராமநாதபுரம் மாவட்டம்