சேதுவுக்கு

மதுரை

அன்புள்ள சேது,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொல்கிறாள். உன் வண்டி திருட்டுப் போனது வருத்தமாக இருக்கிறது. ஆனால் "இந்தப் பயல்களுக்குக் காரணம் தேடாதே, நாலு தட்டுத் தட்டி உள்ளே வைத்தால் தானாகத் திருந்துவார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை.

சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் எங்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போன மாசியில் பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லக் கூடாது. மூன்று மோட்டார் சைக்கிள்களை எடுத்திருந்தான். ஒன்றையும் விற்கவில்லை, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பியிருக்கிறான். "ஏன்டா எடுத்தாய்?" என்று கேட்டால், கட்டைவிரல் நகத்தால் பக்கத்து விரலைக் கீறிக்கொண்டே தரையைப் பார்ப்பான். கோப்பைப் புரட்டியபோது நன்னடத்தை அலுவலர்தான் காட்டினார்: வண்டிகள் கிடைத்தது வாடிப்பட்டியில் ஒன்று, கொடைரோட்டில் ஒன்று, ஒட்டன்சத்திரம் தாண்டி ஒன்று. மூன்றும் மதுரையிலிருந்து திருப்பூர் போகும் வழி. அவன் அம்மா நாலு வருடமாகத் திருப்பூரில், பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர், திருடிய 44 பிள்ளைகளைப் பற்றி 1944இல் எழுதினார். அவர்களில் 14 பேர் யார்மீதும் ஒட்டுதல் இல்லாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். பிள்ளைகளைச் சோதித்ததும் அவரே, முடிவு கட்டியதும் அவரே என்று பின்னால் குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். தாயைப் பிரிந்த எத்தனையோ பிள்ளைகள் ஒரு குண்டூசியைக்கூடத் திருடுவதில்லை. ஆனாலும் அந்த மூன்று ஊர்ப் பெயர்களைப் பார்த்தபின் என்னால் அதை ஒதுக்க முடியவில்லை.

காரணம் தேடுவதில் எனக்கும் ஒரு பயம் உண்டு. அது உனக்கே நன்றாகத் தெரிந்த பயம். பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒரு கூட்டத்தையே முத்திரை குத்தியதுதானே வெள்ளைக்காரன் கொண்டுவந்த ரேகைச் சட்டம்? உன் தாத்தா ராத்திரியானால் போய்ப் போலீஸ் கச்சேரியில் படுத்துவிட்டு, விடிந்து வீடு திரும்பிய கதையை நீதான் எனக்குச் சொன்னாய். கைரேகை கொடுக்க மாட்டோம் என்றவர்களை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். அதனால்தான் "தாயில்லா வளர்ப்பு, திருந்த மாட்டான்" என்று யாராவது அறிக்கையில் எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. இன்று என்ன செய்யலாம் என்று காட்டாத காரணம் எனக்கு எதற்கு?

அடித்து மிரட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராவே சிறையில், 1970களில், ஆயுள் கைதிகளைவிட்டுப் பையன்களைப் பயமுறுத்திப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட திட்டங்களைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தால், போகாதவர்களைவிடப் போய்வந்த பையன்களே அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

எங்கள் பையனை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் பாட்டியிடமே விட்டோம். மாலையில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பழகுகிறான். எடுத்த மூன்றாவது வண்டி ஒரு பால்காரருடையது. ஒன்பது நாள் சைக்கிளில் கேன் கட்டி மிதித்ததாக அவர் சொன்னபோதுதான் பையன் முதன்முதலாகத் தலை நிமிர்ந்தான். வைகாசியில் மறுபடியும் ஒரு வண்டியை எடுத்தான், மறைக்கவில்லை உன்னிடம். ஆனால் அன்று ராத்திரியே அவனாகக் கொண்டுவந்து விட்டான். எடுத்ததற்கு என்ன கணக்கு, திருப்பிக் கொடுத்ததற்கு என்ன கணக்கு என்று குழுமத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். மறுபடியும் பாட்டியிடமே அனுப்பினோம்.

அடுத்த அமர்வுக்கு அவன் அம்மா வருகிறார். திருப்பூர் பஸ் ஆரப்பாளையத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று நேற்று என்னிடம் கேட்டான்.

உன் வண்டி கிடைத்துவிட்டதா? கிடைத்தால், எந்த ஊரில், எப்படி நிறுத்தியிருந்தது என்று எனக்கு எழுது.

என்றும் உன்,
ராமு