நிற்க ஓர் இடம் வேண்டும்: சைக்கிள் பாதை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். சைக்கிள் பாதைகளைத் திட்டமிடுகிறவர்கள், வரைபடம் போடுகிறவர்கள், தார் போடுகிறவர்கள், ஓரத்துப் புல்லை வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அடிக்கடி போகும் ஆற்றோரப் பாதையில், பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் எதிரே கார் நிறுத்துமிடம் தெரியும். ஆறு முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. இரண்டு வருடமாக அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த பெஞ்ச்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் வேகக்காரன் இல்லை. முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கிய பிறகு சைக்கிளைச் சுவரோரம் சாத்தியவன் எட்டு வருடம் அதைத் தொடவில்லை. அப்புறம் ஓர் எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினேன். கைப்பிடியைத் திருகினால் பறக்கிற வகை இல்லை. மிதித்தால்தான் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் ஓய்ந்துவிடும். சைக்கிளில் மோட்டார் பொருத்தும் யோசனை பழசு. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் காலின் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்ப உதவும் சைக்கிளை யமஹா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993-ல்தான். என்னைப் போன்றவர்கள் மறுபடி பாதையில் இறங்கியது அந்த வழியில் வந்த வண்டிகளால்தான். "இது ஏமாற்று வேலை" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. இருக்கட்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். மோட்டார் வந்ததால் சைக்கிள் வேகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாதை போடுகிறீர்கள். என் அனுபவத்தில் மோட்டார் தந்த பெரிய வசதி வேகம் இல்லை. நினைத்த இடத்தில் நிற்க முடிவதுதான்.

சாதாரண சைக்கிளில் போனவர்களுக்கு இது தெரியும். மிதித்து மிதித்துச் சேர்த்த வேகம் கையிருப்புப் பணம் மாதிரி. பிரேக்கைப் பிடித்தால் அவ்வளவும் போச்சு. மறுபடி பூஜ்யத்திலிருந்து சம்பாதிக்க வேண்டும். மேட்டில் பாதி ஏறிய பிறகு நிற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் ஒரு நல்ல திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுதாகத் திறந்து கிடந்தாலும், "திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவோம். திரும்பி வரும்போது அது இறக்கம். இறக்கத்தில் யார் நிற்பார்கள்? இளம் வயதில் நான் ஓட்டிய வழிகளைப் பற்றி இப்போது யோசித்தால் நினைவுக்கு வருவது பெரும்பாலும் முன்சக்கரமும் தாரும்தான்.

மோட்டாரோடு அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. நானும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். சமதரையில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தைப் பிடிக்க ஆகும் ஆற்றல் ஏறத்தாழ 1,540 ஜூல். மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்து, காலே உதவாமல் முழுச் செலவையும் பேட்டரியே ஏற்றால்கூட அரை வாட்-மணிக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான் (வாட்-மணி என்பது பேட்டரியின் ஆற்றலை அளக்கும் அலகு, ஒன்று 3,600 ஜூல்). பரவலாக வரும் பேட்டரிகளின் கொள்ளளவு 400, 500 வாட்-மணி. ஆக, ஒரு முறை நின்று கிளம்பினால் ஆயிரத்தில் ஒரு பங்கு செலவு. ஒரு மீன்கொத்திக்காக நிற்கலாம். அது பறந்துபோய் அடுத்த கிளையில் உட்கார்ந்தால் அங்கேயும் நிற்கலாம். பேட்டரியில் ஒரு கட்டம்கூடக் குறையாது.

ஆனால் எங்கே நிற்பது?

நீங்கள் போட்ட பாதையில் இரண்டு பக்கமும் விளிம்புக்கல். ஒரு பக்கம் அதைத் தாண்டினால் சரிவு, மறுபக்கம் முள்வேலி. அகலம் இரண்டு சைக்கிள் எதிரெதிரே உரசாமல் போகிற அளவு. நான் காலை ஊன்றி நின்றால் பாதி வழி அடைபடுகிறது. பின்னால் வருகிறவர் மணியடிக்கிறார், கடந்து போகும்போது ஏதோ முனகுகிறார். அவர் மேல் தப்பில்லை. வேலைக்குப் போகிறவர், நேரத்துக்குப் போயாக வேண்டும். வழியில் நிற்கிறவன்தான் தொந்தரவு. ஒரு தடவை ஒரு கொக்கு தண்ணீருக்குள் ஒரு காலை வைத்து அப்படியே சிலைபோல் நின்றதைப் பார்க்கப் போய், பின்னால் வந்தவர் என் மேல் மோதாமல் இருக்கத் தடுமாறி வேலியில் கை கிழித்துக்கொண்டார். கொக்கு அசையவில்லை. நான்தான் வெட்கத்தோடு இடத்தைக் காலி செய்தேன்.

நான் கேட்பது அகலமான பாதை இல்லை. அதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், அந்தச் சண்டை எனக்குத் தெரியும். ஆங்காங்கே பாதையை ஒட்டி, சைக்கிள் ஒன்றின் நீளமும் ஓர் ஆள் நிற்கும் அகலமும் உள்ள ஒதுங்கிடம் போதும். தார் வேண்டாம், கெட்டித்த சரளை போதும். ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதை மேசையில் உட்கார்ந்து அளவுகோலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்நூறு மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஒன்று குப்பைத் தொட்டிக்கு எதிரே வரும், இன்னொன்று மின்மாற்றிக்கு எதிரே வரும். ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் போங்கள். எங்கே உங்கள் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள்.

வேலியும் புதரும் இன்னொரு வருத்தம். சைக்கிளில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதரும் அந்த உயரத்துக்கு வந்தால், ஐந்து கி.மீ. ஏரிக்கரைப் பாதையில் ஏரி என்பது வெறும் வாசனைதான். முழுதாக வெட்டச் சொல்லவில்லை. அதில் பறவைகள் கூடு கட்டும், வெயிலுக்கும் காற்றுக்கும் அது நல்லது. நடுநடுவே திறப்பு விடுங்கள். 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் வினாடிக்கு நான்கு மீட்டர் நகர்கிறார். இருபது மீட்டர் திறப்பு என்றால் அவருக்கு ஐந்து வினாடி ஏரி கிடைக்கும். 25-ல் போகிறவருக்கு மூன்று வினாடிகூட இல்லை. அவர் அதற்காக வரவும் இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவர்களும் இப்படித்தான். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட்டை எழுப்பிவிட்டால், ஆற்றைக் கடந்தோம் என்பதே பலகையைப் படித்தால்தான் தெரிகிறது.

இதையெல்லாம் யோசித்துப் பாதை போட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், பொக்ரைக் என்ற இடத்தில் 2016-ல் ஒரு குளத்துக்கு நடுவே பாதையை இறக்கினார்கள். நீளம் 212 மீட்டர்தான். இரு பக்கமும் சுவர், சுவருக்கு அப்பால் தண்ணீர். சைக்கிளில் போகிறவரின் கண்மட்டத்துக்கு நீர்ப்பரப்பு வருகிறது. ஒரு பாதை எந்தக் கண்ணுக்காகப் போடப்படுகிறது என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார், அதனால் வந்தது அது. அதே மாகாணத்தில் 1995 வாக்கில் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் இன்னொரு எளிய காரியம் செய்தார். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்தார். 14-லிருந்து 27, அங்கிருந்து 31 என்று நான்கைந்து எண்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். போனைப் பார்க்க வேண்டாம், தலை நிமிர்ந்தே இருக்கும். ஜப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமபாரி வரை, தீவுகளையும் பாலங்களையும் கோத்துக்கொண்டு சுமார் 70 கி.மீ. போகும் ஷிமானாமி கைடோவில் வழி காட்டுவது சாலையோரத்தில் ஒரு நீலக் கோடுதான். கோட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதிக் கவனம் கடலுக்கு.

அப்புறம், பாதையின் வாயிலில் நீங்கள் வைத்திருக்கும் அந்த வளைந்த இரும்புத் தடுப்புகள். மோட்டார் சைக்கிள் உள்ளே வராமல் இருக்க வைத்தீர்கள், சரி. எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்றின் எடை 20 முதல் 25 கிலோ, சிலது அதற்கும் மேலே. அதைப் பின்சக்கரத்தில் நிறுத்தித் திருப்பித் தடுப்புக்குள் நுழைப்பதற்கு முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். முழங்கால் நன்றாக இருந்தால் நான் ஏன் அதை வாங்கியிருக்கப் போகிறேன்? ஒதுங்கிடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைக்க ஒரு குறுக்குக் கம்பி கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். இவ்வளவு எடையை மெல்லிய ஸ்டாண்டில் சரளை மேல் நிறுத்தினால், நாம் பறவையைப் பார்க்கும் நேரத்தில் அது மெதுவாகச் சாய்ந்து விழுகிறது.

சார்ஜ் செய்யும் கம்பங்கள் வைக்கப் போவதாகக் கூட்டங்களில் பேசுகிறீர்கள். வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது அவ்வளவு அவசரம் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 25-லிருந்து 18-க்கு இறங்கினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு மல்லுக்கட்டும் செலவு பாதியாகிவிடுகிறது. மெதுவாகப் போகிறவருக்கு பேட்டரி தீர்வதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். கம்பத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நிழலுக்கும் உட்காரும் இடத்துக்கும் திருப்பினால் நான் சந்தோஷப்படுவேன்.

வேகக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 25 கி.மீ. வேகத்தை எட்டியதும் மோட்டார் உதவியை நிறுத்திவிட வேண்டும், ஜப்பானில் 24. நல்ல விதிகள். ஆனால் அது உச்ச எல்லை. எல்லோரும் அந்த வேகத்தில்தான் போவார்கள் என்று எடுத்துக்கொண்டு வளைவுகளையெல்லாம் நீட்டி நிமிர்த்திவிட்டால், பாதை நன்றாக இருக்கும், போக ஆசை இருக்காது. ஆறு வளைகிற இடத்தில் பாதையும் வளையட்டும். வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதில்தானே பாதி சுகம்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்று தெரியும். திட்டம், ஒப்புதல், ஒப்பந்தம் என்று உங்களுக்கு ஆயிரம் இருக்கும். அதனால் ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்கலாம். பாலத்துக்கு முன்னால் இருக்கும் அந்த பெஞ்சைப் போன வாரம் குனிந்து பார்த்தேன். நான்கு போல்ட்தான், இன்னும் துருப்பிடிக்கவில்லை. தூக்கித் திருப்பிப் போட இரண்டு பேர் போதும். நீங்கள் ஓர் ஆளை அனுப்புங்கள். ஸ்பேனரை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பாதையில் அடிக்கடி நிற்கிறவன்