கோடை முகாம் ஊழியம்: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, சங்கத்தின் மூத்தோரே, சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் என் வணக்கம்.

நமது வாலிபர் சங்கத்தின் மாதக் கூட்டங்களும், கிறிஸ்துமஸ் கீத பவனியும், அறுப்பின் பண்டிகைக் கடைகளும் இவ்வாண்டும் குறைவின்றி நடந்தன. அவற்றின் விவரம் குறிப்பேட்டில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை மே மாதத்தில் நடத்திய கோடை முகாமுக்கே ஒதுக்குகிறேன். சொல்ல வேண்டியவை அதில்தான் அதிகம். அவற்றுள் சில கேட்பதற்கு இனியவை அல்ல.

வடசென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கத்து வாரிய வீடுகளிலும் நெருக்கமான சந்துகளிலும் வாழும் 42 பிள்ளைகள், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலானவர்கள், அங்குள்ள ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் நால்வருடன் பல்லவன் விரைவு வண்டியில் காரைக்குடிக்கு வந்து இறங்கியபோது இரவு வெகுநேரமாகியிருந்தது. அவர்கள் ஆறு நாட்கள் தங்குவதற்கு, நம் சபையைச் சேராத ஆச்சி ஒருவர், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த தம் பெரிய வீட்டைத் திறந்து, வெள்ளையடித்தும் கொடுத்தார்கள். வாடகை என்ற பேச்சே எழவில்லை. சாமி அறையைத் திறக்க வேண்டாம், வீட்டுக்குள் அசைவம் சமைக்க வேண்டாம் என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டையும் காத்தோம், கோழிக்குழம்பு வைத்த நாளில் சமையலும் பந்தியும் ஆலய வளாகத்தில் நடந்தன. முகப்பைக் கடந்து, வளவு என்னும் உள்முற்றத்துக்குள் கால் வைத்த ஒரு சிறுவன், தூண்களை அண்ணாந்து பார்த்து, "இது ஸ்கூலா, கல்யாண மண்டபமா அண்ணா?" என்று கேட்டான். வீடு என்று சொன்னதை அவன் கடைசி நாள் வரை நம்பியதாகத் தெரியவில்லை.

வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்தினர் அல்லர். முகாமில் வேதாகமக் கதைகளும் பாடல்களும் இருக்கும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துக் கையொப்பம் பெற்றிருந்தோம். காலை வகுப்பில் உட்கார விரும்பாத பிள்ளைகள் பட்டாலைக் கூடத்தில் கேரம் ஆடலாம் என்றும் ஏற்பாடு செய்திருந்தோம். முதல் நாள் இருவர் ஆடினார்கள், மூன்றாம் நாள் கேரம் பலகையைச் சுற்றி ஏழு பேர். இதில் வருத்தப்பட ஏதுமில்லை என்பது என் கருத்து. கதை சொன்னவர்கள் கதையை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம், அவ்வளவே. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றித் தன்னார்வலர் அனைவருக்கும் ஒரு நாள் பயிற்சி அளித்து, எவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது என்று உறுதிமொழி வாங்கி, 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினோம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். தன்னார்வலராகப் பெயர் கொடுத்தவர்கள் 27 பேர். பகலில், அதிலும் பாட்டு, செய்கைப் பாட்டு, நாடகம், புகைப்படம் ஆகியவற்றுக்கு, ஒருவர் காலை ஒருவர் மிதிக்கும் அளவுக்கு ஆள் இருந்தது. இரவு தங்கியவர்கள் முதல் நாள் ஒன்பது பேர், நான்காம் நாள் நால்வர். அந்த நான்காம் இரவில் மோட்டார் போடும் முறை யாருக்கென்று தெரியாமல் போய், விடியற்காலையில் தொட்டி வறண்டு கிடந்தது. கிணற்றில் வாளி போட்டு இறைத்தோம். அதற்குள் பிள்ளைகள் குடங்களை எடுத்துத் தாமாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள்; தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகியவர்கள். பல் துலக்கும்போது குழாயை மூடி வைத்தவர்களும் அவர்களே, திறந்து விட்டுப் போனவர்கள் நாம்.

அதே இரவில் ஒரு சிறுவன் தூக்கத்தில் நனைந்த பாயைச் சுருட்டித் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, வெறும் கல்லில் படுத்திருந்தான். விழித்திருந்த கல்லூரித் தம்பி அதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் வேறு பாய் விரித்துக் கொடுத்து, நனைந்ததை மற்றவர்கள் எழுமுன் பின்கட்டில் அலசிக் காயப் போட்டார். மறுநாள் அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, அடுத்த முகாமுக்கு எத்தனை பாய் வேண்டும் என்று கணக்குப் போடும்போதுதான் எனக்கே தெரிந்தது.

என் பிழை ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சாப்பாடு முடிந்ததும் சிறியவர்களின் தட்டுகளையெல்லாம் சேர்த்துக் கிணற்றடியில் துலக்கி அடுக்கினாள். மாலைக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் செய்தேன். மறுநாள் பெரியவர்களின் தட்டுகளும் அவளிடம் போய்ச் சேர்ந்தன. சமையலைக் கவனித்த பெண்கள் ஐக்கியத்து அக்கா அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, "வீட்டிலும் இதுதான், இங்கே வந்துமா? போ, விளையாடு" என்று அனுப்பினார்கள். அவள் போகத் தெரியாமல் தூணோரம் நெடுநேரம் நின்றாள். பிறகு அக்காவே அடுப்பை விட்டு வந்து பல்லாங்குழி எடுத்து உட்கார்ந்தார்கள். அன்றைய சாம்பார் சற்றே அடிப்பிடித்ததற்குக் காரணம் அதுதான். புகார் சொன்னவர்கள் அறியவும்.

பூ வேலைத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குச் சென்ற அரை நாள் முகாமின் நல்ல பகுதி. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அமுக்குவதைப் பட்டறையில் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரித்ததும் அதே வழவழப்பு கல்லில் இருப்பதைத் தடவிப் பார்க்க அடித்துக்கொண்டார்கள். அன்றிரவு வளவில், தரையிலிருக்கும் பூ மறையாமல் பாய் விரிக்க வேண்டும் என்று இருவருக்குள் சண்டை.

நகரத்து நெரிசலில் வாழும் பிள்ளைகளைக் கோடையில் சிற்றூருக்கு அழைக்கும் வழக்கம் புதிதன்று. 1877-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லர்டு பார்சன்ஸ் என்ற போதகர், தம் சபையாரைக் கேட்டு, நியூயார்க் ஏழைப் பிள்ளைகளை அவரவர் வீடுகளில் தங்க வைத்தார். வீட்டுக்கு ஓரிரு பிள்ளை என்றால் இரவில் விழித்திருக்க ஒரு தாய் இருப்பாள். நாம் ஒரே வீட்டில் 42 பேரைப் படுக்க வைத்து, நான்கு பேரை நம்பினோம்.

ஆகவே செயற்குழுவின் சார்பில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். அடுத்த முகாமுக்கு 24 பிள்ளைகளுக்கு மேல் அழைப்பதில்லை. குறைந்தது மூன்று இரவுகள் தங்கச் சம்மதிப்பவரின் பெயரை மட்டுமே தன்னார்வலர் பட்டியலில் சேர்ப்பது. பாட்டுக் குழுவினருக்கும் இதில் விலக்கில்லை. ஆச்சி அவர்களுக்குச் சங்கத்தின் நன்றிக் கடிதம் அனுப்பப்பட்டது. வீட்டை மறுபடியும் தருவதாகவும், கிணற்றுக்குப் புதிய கயிறு வாங்கி வைக்கும்படியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கயிறு வாங்கியாயிற்று.

இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலர்