இலத்திரனியல் சிகரெட்டின் பற்றரியையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இளைஞர்கள் கையில் காணப்படும் இலத்திரனியல் சிகரெட்டுகள் நுரையீரலுக்குச் செய்யும் கேடு பேசப்படுகிற அளவுக்கு, அவற்றின் உட்கட்டமைப்பு பேசப்படுவதில்லை.

திருத்துவதற்காக என் மேசைக்கு வந்த ஒரு கருவியைத் திறந்தபோது, லித்தியம் அயன் பற்றரியின் பிளாஸ்டிக் உறை நேர்முனை ஓரத்தில் கிழிந்து, உள்ளேயிருந்த உலோகம் தெரிந்தது. உருளை வடிவப் பற்றரியில் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை என்பதால், அந்தக் கிழிசலில் தெரியும் உலோகம் நேர்முனைத் தகட்டைத் தொட்டால் குறுஞ்சுற்று ஏற்பட்டு, சட்டைப்பைக்குள்ளேயே தீப்பற்றக்கூடும். தொடுமுனைகளிலோ பச்சைக் களிம்பு படிந்திருந்தது. நம் கடற்காற்றுக்கு மலிவான முலாம் தாங்காது.

சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் சுற்று துண்டிக்கிறதா, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளின் மின்தடை குறைந்தால் கருவி தானாக நிற்கிறதா என்பவற்றை மல்டிமீட்டர் கொண்டே ஓரளவு அறியலாம். திரவத்தை உறிஞ்சும் திரி உலர்ந்த பின்னும் சுருள் சூடாகிக்கொண்டிருந்தால், திரவத்திலுள்ள கிளிசரின் சிதைந்து போமல்டிஹைட்டு என்னும் நச்சுப்பொருள் உருவாகும் என்பதால் வெப்பக் கட்டுப்பாடும் சோதிக்கப்பட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டுப் பணிப்புரையில், நிக்கொட்டின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதோடு, கருவி உடையாமலும் கசியாமலும் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. இங்கே கைப்பற்றப்படும் கருவிகளையேனும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னியல் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.