மலையை உயர்த்தாதே, பள்ளத்தை இறக்கு

அன்பு மகன் முகிலனுக்கு,

அறையின் அளவு கிடைத்தது. ஒரு சுவர் 3 மீட்டர், அடுத்தது 2.4. அமெரிக்காவின் கொலராடோவில் சில்வர்டனிலிருந்து ரெட் மௌண்டன் வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஏறிய ரயிலை அதற்குள் மாடலாகச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முழுப் பாதையும் வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால் முடியும். இரண்டு சுவரையும் ஒட்டி ஒரு எல் வடிவப் பலகை போடு. கீழ்முனையில் வண்டிகளைக் கோத்துப் பிரிக்கும் சில்வர்டன் யார்டு, மேல்முனையில் ஒரே ஒரு சுரங்கம், நடுவில் ஏற்றம்.

அந்த மலைப் பாதைகளில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 3 அடி. 1:87 அளவில் அது 10.5 மி.மீ. தண்டவாளம், மாடல்காரர்கள் எச்ஓஎன்3 என்பது அதைத்தான். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 1:48 அளவில் ஓடும் ஓஎன்30 என்ற பெரிய வகை மலிவு, சாமானும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வண்டியே பலகையின் பாதியை விழுங்கிவிடும். உன் கொண்டோ அறைக்கு அது சரிப்படாது.

பெயின்ட், மரம், பாறையெல்லாம் பிறகு. முதலில் ஏற்றக் கணக்கைப் போடு. மூலையில் 60 செ.மீ. ஆரம் வைத்தால் வளைவின் நீளம் 94 செ.மீ. சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பாதை போனால் மொத்தம் சுமார் 4.8 மீட்டர் ஓட்டம் கிடைக்கும். யார்டுக்கு 1.2 மீட்டரும் சுரங்கத்துக்கு 1 மீட்டரும் மட்டமாக வேண்டும். அங்கே சரிவு இருந்தால் கழற்றி விட்ட வண்டி தானாக உருண்டு கீழே போகும். ஏறுவதற்கு மிஞ்சுவது 2.6 மீட்டர்தான்.

நேரான இடத்தில் 4 சதவீதம் வை, 100 செ.மீ.க்கு 4 செ.மீ. அந்த மலையில் ரயில் பாதை போட்ட முதலாளி ஓட்டோ மியர்ஸ் 1880-களின் கடைசியில் போட்ட சில்வர்டன் ரெயில்ரோடில் 5 சதவீதம் வரை உண்டு, அதைப் பார்த்து ஆசைப்படாதே. வளைவும் வண்டியைப் பிடித்து இழுக்கும். 81-ஐ ஆரத்தால், செ.மீ. கணக்கில், வகுத்தால் அந்த வளைவு எத்தனை சதவீத ஏற்றத்துக்குச் சமம் என்று தோராயமாகத் தெரியும். 60 செ.மீ. ஆரத்துக்கு 1.35. ஆகவே வளைவில் ஏற்றத்தை 2.6 ஆகக் குறைத்தால்தான் எஞ்சினுக்கு வழியெல்லாம் ஒரே சுமை. மட்டத்திலிருந்து 4 சதவீதத்துக்குத் திடீரென்று மாறாதே. 10 செ.மீ.க்கு ஒரு சதவீதமாக, 40 செ.மீ.யில் மாற்று. இதில் அவசரப்பட்டால் எஞ்சினின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், வண்டிகளைக் கோக்கும் கப்ளர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நழுவி ரயில் இரண்டாகப் பிரியும்.

இத்தனை செய்தும் கிடைக்கும் உயரம் சுமார் 8 செ.மீ. இவ்வளவுதானா என்று முகம் சுளிக்காதே. மலை என்ற தோற்றம் பாதைக்கு மேலே இருப்பதில் பாதிகூட வராது, கீழே விழும் பள்ளத்தில்தான் வருகிறது. நடுப்பகுதியில் சட்டத்தையே 25 செ.மீ. தாழ்த்திக் கட்டி, மேலே மரப்பாலம் வை. பாலத்தின் கால் வரிசைகளுக்கு நடுவே 15 அடி, மாடலில் 5.2 செ.மீ. ஒவ்வொரு காலும் 3.5 மி.மீ. சதுரக் குச்சி. வெளிக்கால்களைச் சாய்த்து நிறுத்து. எல்லா வரிசையும் ஒரே மாதிரி வர, பலகையில் ஆணி அடித்து ஒரு அச்சு செய்துகொள். குச்சிகளுக்கு முதலில் சாயம் ஏற்று (இந்தியன் இங்க் சில சொட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில்), பிறகு ஒட்டு. ஒட்டிவிட்டுச் சாயம் போட்டால் பசை பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும், எதைப் பூசினாலும் மறையாது.

நம் ஊரில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி. பகலெல்லாம் அறை புழுங்கும், இரவில் ஏர்கோன் ஓடும், மரம் ஊதிச் சுருங்கும். 12 மி.மீ. மரைன் பிளைவூட் வாங்கு. வெட்டிய பிறகு ஆறு பக்கமும் இரண்டு கை பெயின்ட் அடி, வெட்டு முனைகளை விட்டுவிடாதே. தண்டவாள இணைப்புகளை வளைவில் மட்டும் சால்டர் செய். நேரான இடத்தில் மீட்டருக்கு ஓர் அரை மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின்கம்பி கொடு, துண்டுகளை இணைக்கும் ஜாயினர் உள்ளே கறுத்துப்போனால் மின்சாரம் கடத்தாது. அமெரிக்காவிலிருந்து வரும் டிசிசி (மாடல் ரயிலை டிஜிட்டலாக ஓட்டும் கருவி) அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா பார். 120 மட்டும் என்றால் நம் பிளக்கில் செருகாதே.

30 அடி வண்டி மாடலில் 10.5 செ.மீ. எடை 65 கிராம் அளவில் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் வளைவில் கவிழும், ரொம்பக் கூடினால் ஏற்றத்தில் எஞ்சின் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். நாலைந்து வண்டிக்கு மேல் கோக்காதே. நிஜத்திலும் தாது நிறைந்த வண்டிகள் இறங்கின, காலி வண்டிகளோடு நிலக்கரியும் மரமும் சாப்பாட்டுச் சாமானும் ஏறின. அதனால் இறக்கத்தையும் சோதித்துப் பார். பாரம் பின்னால் தள்ளும்போது எஞ்சின் விட்டுவிட்டுக் குதித்தால் மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் வோர்ம் கியர் தண்டில் ஆட்டம் இருக்கிறது, மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் நிற்கும். இரண்டு பக்கமும் சுத்தமாக ஓடும்வரை பிளாஸ்டர் வாளியைத் தொடாதே.

எந்த ஆண்டு என்பதையும் முடிவு செய். ரயில் சில்வர்டனுக்கு வந்தது 1882-இல். 1893-இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்தது, பல சுரங்கங்கள் மூடின. 1890 என்றால் எல்லாம் புதுப்பலகை, கூட்டம், புகை. 1900-க்குப் பிறகு என்றால் பாதிக் கட்டடம் சாய்ந்து கிடக்கும், அது செய்வதற்குச் சுலபம்! கார்க்ஸ்க்ரூ கல்ச் என்ற இடத்தில் வளைய இடமில்லாமல் மெயின் லைனிலேயே டர்ன்டேபிள், அதாவது எஞ்சினைத் திருப்பிவிடும் சுழல்மேடை, வைத்திருந்தார்கள். உனக்கு அதில் கண் போகும், தெரியும். முதல் லேஅவுட்டில் வேண்டாம். அரை மி.மீ. விலகினாலும் அங்கேயே ரயில் தடம் புரளும்.

நிறத்துக்கு நம் பினாங்குக் கொடிமலையைப் பார்க்காதே, அந்தப் பச்சை அங்கே கிடையாது. இரும்புத் துருவால் சிவந்த பாறை, மஞ்சள் சாம்பல் கழிவு மேடு, கருத்த ஸ்புரூஸ் ஊசியிலை மரம், அவ்வளவுதான்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஏர்கோன் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் போகிறது என்று அளந்து அனுப்பு. அந்தச் சுவரில் யார்டு வரக்கூடாது. நீ அனுப்பியதும் முழு அளவுக் காகித வரைபடம் போட்டு, பாலத்துக்கான அச்சோடு பார்சலில் அனுப்புகிறேன்.

அம்மா
ஆயர் ஈத்தாம், பினாங்கு