சாட்சிக் கூண்டில் கடவுளின் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் பெயரைச் சொல்லாமல் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று சொன்ன சாட்சியைப் பார்த்து, தெய்வத்துக்கே அஞ்சாதவருடைய சொல்லை நீதிமன்றம் எப்படி நம்புவது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டதையும், நீதிபதியாக நீ அந்தக் கேள்வியை அனுமதிக்க மறுத்ததையும் இரண்டு முறை வாசித்தேன். நீ செய்தது சரி. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம், கடவுள் பெயரால் சத்தியம் செய்வது, உளமார உறுதி கூறுவது என்ற இரண்டு வாசகங்களையும் சமமாகவே வைத்திருக்கிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு அவ்வளவு எளிதாக என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சட்டத்துக்கு மதம் இல்லை என்றால் அந்த வாசகத்தில் கடவுளை ஏன் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். முப்பத்தோரு ஆண்டுகள் பெஞ்ச் கிளார்க்காக இருந்து அந்த வாசகத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையிலும், கடவுளை மனதார நம்புகிறவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த எழுத்தர், 1873ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்கீழ் பல காலம் வேலை பார்த்தவர். அந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. வழக்கில் ஒரு தரப்பினர், "எதிரி தன் மதத்தவரைக் கட்டுப்படுத்தும் முறையில் சத்தியம் செய்து சொல்லட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று முன்வரலாம். எதிரி அப்படியே சத்தியம் செய்துவிட்டால், முன்வந்தவருக்கு எதிராக அந்தச் சொல்லே முடிந்த முடிவான சான்று. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த அளவில் ஒரு நிலத்தகராறே முடிந்துபோகக்கூடிய காலம் அது. பத்திரத்துக்கும் குறுக்கு விசாரணைக்கும் அங்கே வேலையில்லை.

அந்தக் காலத்துச் சட்டம்கூட ஓர் எல்லையை வகுத்திருந்தது என்பதை நீ கவனிக்க வேண்டும். நீதிக்கும் நாகரிகத்துக்கும் முரணான சத்தியம் கூடாது. மூன்றாம் மனிதரைப் பாதிப்பதாக அமையும் சத்தியமும் கூடாது. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது இந்த விலக்குக்குள் வரும் என்று அந்த மூத்தவர் எனக்கு விளக்கினார். அன்று நீ பிறக்கவில்லை. பின்னாளில் உன்னைத் தூக்கி வைத்திருந்த நாட்களில் அந்த விலக்கின் அருமை எனக்குப் புரிந்தது. ஒருவருடைய நம்பிக்கை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதற்கு இன்னொருவரைப் பிணையாக வைக்க அவருக்கு உரிமை இல்லை. மதத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எழும் பெரும்பாலான சச்சரவுகளை நான் இந்த ஒரு விதியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தனிச்சத்திய ஏற்பாட்டையே கைவிட்டது.

1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் முன்பு சங்கடம் வேறு விதமாக இருந்தது. இந்துக்களைக் கங்கை நீரின் மீதும் முஸ்லிம்களைக் குர்ஆன் மீதும் கட்டாயமாகச் சத்தியம் செய்ய வைத்ததால் நீதிக்கே இடையூறு நேர்ந்தது என்று 1840ஆம் ஆண்டின் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டு, அந்த முறையை நீக்கியது. கவனி, அந்தச் சட்டம் மதத்தை வெறுத்தவர்களால் எழுதப்பட்டதன்று. மாற்றாக அது கொடுத்த வாசகம் "எல்லாம் வல்ல இறைவன் முன்னிலையில்" என்றே இருந்தது. புனிதமானது என்று கருதப்பட்ட பொருளே வற்புறுத்தலுக்குக் கருவியானபோது, அதைப் போற்றியவர்களும் சாட்சி சொல்லத் தயங்கினார்கள்.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. கல்கத்தாவில் தம் மரபுப்படி பிராமணரின் பாதத்தைத் தொட்டுச் சாட்சியம் அளித்த இந்துக்களின் சொல்லை ஏற்கலாமா என்ற கேள்வி 1744ஆம் ஆண்டில் அங்கே நீதிபதியாக இருந்த ஹார்ட்விக் பிரபுவின் முன் வந்தபோது, ஏற்கலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். சத்தியம் கட்டுப்படுத்துவது சாட்சியின் நம்பிக்கையால். நீதிபதியின் நம்பிக்கையால் அன்று. ஆனால் எந்தத் தெய்வத்தையும் நம்பாதவருக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், உறுதிமொழியைப் பற்றிய சண்டையால் 1886 வரை முறையாகத் தம் இருக்கையில் அமர முடியவில்லை. கடவுள் பெயரைச் சொல்லாமலே உறுதி கூறலாம் என்ற பொதுவான உரிமை 1888இல்தான் சட்டமானது. மனதில் இல்லாததைச் சொல்லத் தயங்கிய ஒருவரை, அந்தத் தயக்கத்தையே காரணம் காட்டி நம்பத்தகாதவர் என்றார்கள். உன் நீதிமன்றத்தில் அந்த வழக்கறிஞர் கேட்டதும் அதே பழைய கேள்விதான்.

நம் அரசியல் நிர்ணய சபையில் நடந்ததை நீ பாடமாகப் படித்திருப்பாய். 1949 அக்டோபர் 17 அன்று, அரசியலமைப்பின் முகவுரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளின் மீது வாக்களிக்கும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று இன்னோர் உறுப்பினரான பூர்ணிமா பானர்ஜி வேண்டிக்கொண்டார். வாக்கெடுப்பு நடக்கவே செய்தது. 41 பேர் ஆதரித்தனர், 68 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாருடைய பெயராலும் பேசும் ஆவணத்தில் சிலருடைய நம்பிக்கையை எல்லாருடைய வாயிலும் வைப்பது முறையன்று என்று கருதிய பக்தர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். அதே அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில், பதவியேற்கும் தனிமனிதர் கடவுள் பெயராலோ உளமார உறுதி கூறியோ பேச வழிவைத்தார்கள். நாட்டின் குரலில் வைக்காத சொல்லைத் தனிமனிதரின் விருப்பத்துக்கு விட்டார்கள். உன் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் எடுக்க மாட்டேன். கடவுள் பெயரைச் சொன்ன பிறகு பொய் சொல்ல நாக்கு எழாமல் தடுமாறிய சாட்சிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அவர்களுடைய சொல், நீதிமன்றத்தின் சொல் அன்று.

தேர்தலைப் பற்றியும் கேட்டிருந்தாய். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடான செயலாக வைத்திருக்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமன்றி வாக்காளரின் மதமும் அதில் அடங்கும் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். மூவர் உடன்படவில்லை. ஒரு சமூகம் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பேசுவதற்கும் மதத்தைக் காட்டி வாக்குக் கேட்பதற்கும் இடையே கோடு கிழிப்பது கடினம் என்ற அந்த மூவரின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஒருமுறை ஒரு முதியவர் கூண்டில் ஏறி, கடவுள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். மாற்று வாசகம் என் மேசையில் இருந்த அட்டையிலேயே அச்சாகியிருந்தது. அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என் கடவுளை அவர் அவமதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று மூன்று முறை குரலை உயர்த்தினேன். நீதிபதி கோப்பில் ஆழ்ந்திருந்தார். நான்காம் முறை அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார். பிறகு அவர் அளித்த சாட்சியம் முழுவதும் உண்மை என்பது தீர்ப்பில் தெரிந்தது. அன்று அவர் மனமறிந்து சொன்ன ஒரே பொய் அந்த உறுதிமொழிதான், அதை அவர் வாயிலிருந்து வரவழைத்தவன் நான். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

உன் நீதிமன்றத்தில் வாசகம் சொல்லிக் கொடுப்பவரிடம், இரண்டையும் நிதானமாக வாசித்துவிட்டு, சாட்சி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை பேசாமல் இருக்கச் சொல். அந்த நேரத்தில் நீயும் கோப்பைப் பார்க்காதே, சாட்சியைப் பார். நீ எழுதியிருந்த அந்த வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா