மகளின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பெண்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவில் சேர்க்க வேண்டுமா என்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் கூடாது என்கிறார்கள். பெண்ணைப் பெற்ற எந்தத் தாய் இதற்குச் சம்மதிப்பாள் என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். நான் சம்மதிக்கிறேன். ஹூஸ்டனில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எனக்கு ஒரு மகள், அவளுக்கு இளையவனாக ஒரு மகன். மகளும் நர்ஸ்தான். அவள் நர்ஸ் என்பதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இங்கே இப்போது கட்டாய ராணுவச் சேவை கிடையாது, 1973-லேயே முடிந்துவிட்டது. பதிவு மட்டும் இருக்கிறது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் 1980-ல் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதை மறுபடி கொண்டுவந்தார். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர் அப்போதே கேட்டார், இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் மறுத்துவிட்டது. அதனால் 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்கள் மட்டும் செலக்டிவ் சர்வீஸ் என்ற அமைப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். குடிமக்கள் மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருக்கும் பையன்களும், ஏன், உரிய ஆவணம் இல்லாமல் இருப்பவர்களும்கூட. எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர்களுக்கானது) விசாவில் முறையாக இருப்பவர்களுக்கு இது இல்லை. அதனால் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. பதிவு செய்யாவிட்டால் 5 ஆண்டுவரை சிறை, 2,50,000 டாலர்வரை அபராதம் என்கிறது சட்டம். 1986-க்குப் பிறகு யார்மீதும் வழக்குப் போட்டதில்லை என்றாலும், மத்திய அரசு வேலை கிடைக்காது, குடியுரிமை விண்ணப்பமும் சிக்கலாகும்.

2020 ஜனவரியில் ஈரான் தளபதி சுலைமானியை அமெரிக்கா கொன்றபோது, போர் வரப்போகிறது என்ற பயத்தில் ஆட்கள் மொய்த்ததில் செலக்டிவ் சர்வீஸின் இணையதளமே முடங்கிப்போனது. என் மகன் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பதிவு செய்திருந்தான். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. நான் உதவிக்குப் போகும் தமிழ்ப் பள்ளியில் பையன்களைப் பெற்றவர்கள் ஒரு பக்கம் நின்று தணிந்த குரலில் இதையே பேசிக்கொண்டிருந்தோம். பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் ஆண்டு விழாவுக்கு யார் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டுக் கதவை அந்தச் செய்தி தட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் போருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற ஆட்களை நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றுதானே தேர்ந்தெடுக்கிறோம்? ஒரு வீட்டுக்கு அது பிள்ளையின் உயிர், பக்கத்து வீட்டுக்கு அது டிவியில் வரும் செய்தி என்று இருப்பதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. மகள் பெயரும் பட்டியலில் இருந்தால், தேர்தல் நேரத்தில் கேட்கும் கேள்வி மாறும்.

நான் கவனித்துக்கொள்ளும் முதியவர்களில் பலர் வியட்நாம் போர்க் காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள். 1969 டிசம்பர் 1-ம் தேதி, யாரை முதலில் ராணுவத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்ய, ஆண்டின் 366 தேதிகளையும் நீல நிறக் குப்பிகளில் அடைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக் குலுக்கல் நடத்தினார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்தவர்களுக்குத்தான் முதல் அழைப்பு. மனைவி பெயர் நினைவில்லாத நிலைக்கு வந்துவிட்ட சிலர்கூடத் தங்கள் குலுக்கல் எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். இனி ஒரு கட்டாயச் சேவை வந்தாலும் குலுக்கல்தான். 20 வயதுக்காரர்களை முதலில் எடுப்பார்கள். அந்த ஜாடியில் ஆண்களின் தேதிகள் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

பெண்களை அரசு எடுக்காது, அதுதான் நமக்குப் பாதுகாப்பு என்று எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள நர்ஸ்களிலேயே பலருக்கு இது தெரியாது. 1945 ஜனவரியில், ராணுவ மருத்துவமனைகளுக்கு நர்ஸ்கள் போதவில்லை என்று அதிபர் ரூஸ்வெல்ட் நர்ஸ்களைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் கேட்டார். மார்ச் மாதம் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியும் விட்டது. மேலவையான செனட்டில் நிலுவையில் இருந்தபோது மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததால் அந்த மசோதா அப்படியே நின்றுபோனது. அப்புறம் 1987-ல், மருத்துவத் துறையினரை எடுப்பதற்கு ஒரு திட்டம் தயாரித்து வைக்கும்படி காங்கிரஸ் உத்தரவிட்டது. அந்தத் திட்டம் இன்றும் செலக்டிவ் சர்வீஸிடம் இருக்கிறது. காங்கிரஸும் அதிபரும் ஒப்புக்கொண்டால், 20 முதல் 45 வயது வரையுள்ள டாக்டர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன்கள் எல்லோரையும் பதிவு செய்யலாம். ஆண், பெண் இருபாலரையும்.

அதாவது, என் மகன் 26 வயதில் அந்தப் பொதுப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடுவான். பெண் என்பதால் எந்தப் பட்டியலிலும் இல்லாத என் மகளை 45 வயது வரை கூப்பிடலாம். பெண்களைப் போரிலிருந்து காப்பாற்றுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; அரசோ தனக்குத் தேவைப்படும் பெண்களை எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் 8 பெயர்கள் பெண்களுடையவை. எட்டுப் பேரும் நர்ஸ்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, பெண்களுக்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது என்னிடம் சொல்ல முடியுமா?

சட்டத்தின் கதை சுருக்கமானது. ஆண்கள் மட்டும் பதிவு செய்வது சரிதான் என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. பெண்களுக்குச் சண்டைப் பிரிவுகளில் இடமில்லை, அதனால் பதிவிலும் சேர்க்க வேண்டியதில்லை என்பது அதன் காரணம். அந்தக் காரணம் இப்போது இல்லை. 2015 டிசம்பரில் ராணுவத்தின் எல்லாப் பிரிவுகளையும் விதிவிலக்கின்றிப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். எங்கள் ஹூஸ்டன் நீதிபதி ஒருவர் 2019-ல், ஆண்கள் மட்டும் என்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றே தீர்ப்பளித்தார். பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தாங்கள் மாற்ற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காங்கிரஸ் பரிசீலித்து வருகிறது என்று சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அந்தக் காங்கிரஸோ 2016, 2021, 2022, 2024 என்று பலமுறை பெண்கள் பதிவை ராணுவ மசோதாவில் எழுதி, கடைசி நேரத்தில் நீக்கிவிட்டது. காங்கிரஸே அமைத்த தேசிய ஆணையம் 2020 மார்ச்சில் பெண்களையும் சேர்க்கச் சொன்ன பிறகும் இந்த நிலை.

உடல் பலம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பதிவு செய்த ஆண்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்கி ஓடப் போவதில்லையே. உடல் தகுதி இல்லாதவனைத் திருப்பி அனுப்புவார்கள். தகுதி இல்லாதவளையும் அப்படியே செய்யட்டும்.

என்னை உண்மையில் தடுமாற வைப்பது வேறொன்று. வனெசா கியென் எங்கள் ஊர்ப் பெண், 20 வயது. 2020 ஏப்ரலில் டெக்சாஸ் ராணுவ முகாம் ஒன்றில் சக வீரன் அவளைக் கொன்றான். அதற்கு முன் வேறொரு மேலதிகாரியால் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தாள் என்பதை ராணுவ விசாரணையே பிறகு ஒப்புக்கொண்டது. அவள் படத்தைச் சுவர்களில் பெரிதாக வரைந்திருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் பார்க்கும்போதெல்லாம் என் மகளை நினைத்துக்கொள்வேன். தானாக விரும்பிச் சேர்ந்த பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், கட்டாயத்தில் போகிற பெண்ணுக்கு விலகி வரக்கூட வழியில்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஒன்று மட்டும் தெரியும்: அவள் குடும்பம் தெருவில் இறங்கி விடாமல் போராடியதால்தான், இப்படிப்பட்ட குற்றங்களில் வழக்குத் தொடரும் முடிவைத் தளபதிகள் கையிலிருந்து எடுத்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுக்கும் சட்டம் 2021 டிசம்பரில் வந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு செய்தது. நாட்டில் உள்ள எல்லா வீட்டு மகள்களின் பெயரும் பட்டியலில் இருந்தால், முகாம்களில் என்ன நடக்கிறது என்று கேட்க எத்தனை குடும்பங்கள் முன்வரும்! பயம் எனக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தைக் காரணம் காட்டி ஒதுங்கினால் உள்ளே இருக்கும் பெண்களைக் கைவிட்டதாகிவிடும்.

நம் பண்பாட்டுக்கு இது ஒத்துவராது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் விருப்பப்பட்டுப் போனவர்கள், கட்டாயம் வேறு என்பது எனக்கும் புரிகிறது. துப்பாக்கி பிடித்த பெண் நமக்குப் புதியவள் இல்லை என்பதற்காக மட்டுமே சொல்கிறேன். நார்வேயும் ஸ்வீடனும் பெண்களைக் கட்டாயச் சேவையில் சேர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. டென்மார்க் 2025 ஜூலையில் சேர்த்தது.

இந்தப் பதிவே யாருக்கும் வேண்டாம், முழுதாக ஒழித்துவிடலாம் என்று சொல்பவர்களும் காங்கிரஸில் இருக்கிறார்கள். அப்படியே செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மகனின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மகளைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொள்வது வேண்டாம் என்பதே என் வாதம். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். இங்கே குடியுரிமை பெற்றுள்ள வாசகர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள், ஒரு கடிதம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் மாறும்வரை ஒரு விஷயம். 26 வயது ஆவதற்குள் கிரீன் கார்டு வந்த பையன்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கடைசிப் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுத்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹூஸ்டன், டெக்சாஸ்